சந்தனம் மணத்த மோட்டர்

ஒரு ஊர்ல ஒரு மீசைக்காரன் இருந்தான். தெருமுனையில மீசை மொதல்ல வரும், ஆளு பின்னாடி வருவான். பேரு மருதையன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல மிக்சி ரிப்பேர் கடை வெச்சிருந்தான். ம் சொல்லு கண்ணு. நீ ம் சொன்னாத்தான் கதை நகரும்.

ம்.

அந்த மீசைக்கு தினமும் வெளக்கெண்ணெய் தடவி, நுனியை முறுக்கி, கண்ணாடியில ரெண்டு பக்கமும் சரியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் கடை ஷட்டரைத் தூக்குவான். பன்னெண்டு வருஷத்து மீசை. அவன் பொண்டாட்டி பரிமளத்துக்கு அந்த மீசையைக் கண்டாலே ஆகாது. ரசம் குடிச்சா பாதி மீசையிலயே தங்கிடுதுன்னு முணுமுணுப்பா.

அந்தப் பரிமளத்துக்கு ஒரு தம்பி. பூமிநாதன். செல்போன் கடை வெச்சிருந்தான், வாய் கொஞ்சம் நீளம். அவன் ஒரு நாள் ரிமோட் கார் வாங்கிட்டு வந்து தெருவெல்லாம் சர்ர்ர் சர்ர்ர்னு ஓட்டினான். மருதையனுக்குக் கை அரிச்சுது. அவனும் அதே மாதிரி ஒன்னு வாங்கிட்டான். ரெண்டு பேரும் வளந்த ஆளுங்கதான், என்ன பண்றது.

அப்போ பூமிநாதன் சொன்னான், "மாமா, மிக்சி சுத்த வைக்கிறது வேற, கார் ஓட்டுறது வேற. விஜயதசமிக்கு அரிசி மில்லு லீவு. நெல்லு காயப்போடற களத்துல மூணு ஆட்டம் விடுவோம். ஆட்டத்துக்குப் பத்து சுத்து. தோத்தவன் மீசையை எடுத்துடணும்."

பூமிநாதனுக்கு இருந்தது எறும்பு ஊர்ற மாதிரி ஒரு மீசை. போனா பத்து நாள்ல முளைச்சுடும். இவனுது பன்னெண்டு வருஷம். யோசிக்க வேண்டாமா மனுஷன்? யோசிக்கல. "சரி மாப்ள"ன்னுட்டான்.

அந்தக் காருக்குள்ள என்ன இருக்கும் தெரியுமா? கார்பன் மோட்டர். நம்ம மிக்சியில இருக்கே, அதோட குட்டித் தம்பி. உள்ள செப்புக் கம்பி சுத்தின உருளை ஒன்னு சுத்தும். ரெண்டு பக்கமும் ரெண்டு கரித்துண்டு அதை உரசிக்கிட்டே கரண்ட் குடுக்கும். உரசினா சூடு வரும். அந்தச் சூடு வெளிய போக மோட்டர் டப்பாவுல ரெண்டு ஓட்டை வெச்சிருப்பாங்க. அவ்வளவுதான். ம்?

ம்.

மருதையன்கிட்ட மூணு மோட்டர் இருந்துச்சு. கார்ல ஒன்னு, கூட வாங்கினது ரெண்டு. அதுக்கு மேல வேணும்னா பார்சல்லதான் வரணும், விஜயதசமிக்குள்ள வராது.

மொத மோட்டர். வேகம் வேணும்னு மருதையன் என்ன பண்ணான், மோட்டர் நுனியில இருந்த சின்னப் பல்சக்கரத்தைக் கழட்டிட்டு பெருசா ஒன்னு மாட்டினான். கார் அம்பா பறந்துச்சு, சர்ர்ர்ர்னு. சக்கரம் பெருசானா மோட்டர் இழுக்கற பாரமும் பெருசாகுமே, அதை மறந்துட்டான். அப்புறம் மெதுவாச்சு. அப்புறம் முக்குச்சு. அப்புறம் கருகின நாத்தத்தோட புஸ்ஸுன்னு புகை வந்துச்சு. மோட்டர் போச்சு.

"மோட்டர் சரியில்ல"ன்னான் மருதையன். பரிமளம் தேங்காயைத் துருவிக்கிட்டு இருந்தா.

ரெண்டாவது மோட்டர். பழைய சின்னச் சக்கரத்தையே மாட்டினான், அது வரைக்கும் புத்தி வந்துச்சு. ஆனா புத்தம் புது மோட்டரை எடுத்த எடுப்புல முழு வேகத்துல விட்டான். ஒரு பேட்டரி தீந்துச்சு, அடுத்ததைப் போட்டான். அது தீந்துச்சு, அடுத்தது. நடுவுல ஒரு நிமிஷம் நிறுத்தல. உள்ள டிக் டிக்னு நெருப்புப் பொறி. அப்புறம் அதே நாத்தம், அதே புஸ்ஸு.

அப்போ பரிமளம் துருவுறதை நிறுத்திட்டுக் கேட்டா, "ஏங்க, கடைக்கு வர்ற பொம்பளைங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?"

"என்ன சொல்லுவேன்?"

"புது மிக்சியை மொத நாளே மாவு போட்டு முக்க வைக்காதீங்க, ஒரு நிமிஷம் ஓட்டுங்க, ஒரு நிமிஷம் நிறுத்துங்கன்னு. சொல்லுவீங்களா இல்லையா?"

"அது மிக்சிடி. இது பொம்மைக் கார்."

"கரிக்குத் தெரியுமா அது பொம்மைன்னு?"

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி கழுநீர்ப் பானையில துள்ளி விழுந்துச்சாம். மருதையனுக்கு அந்தப் பல்லி தான்தான்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கைல மிச்சம் ஒரே ஒரு மோட்டர். கை தானா மீசைக்குப் போச்சு. பயந்துட்டான்.

தூங்கிட்டியா?

இல்ல, ம்.

மூணாவது மோட்டரை அவன் கார்ல மாட்டவே இல்ல. ரெண்டு டார்ச் செல்லைச் சேத்துக் கட்டி, ஒயரை மோட்டருக்குக் குடுத்து, பாரமே இல்லாம மேஜை மேல மெதுவா ஓட விட்டான். ங்ங்ங்ங்னு சுத்துச்சு. கொஞ்ச நேரம் ஓட்டுவான், நிறுத்துவான், ஆற விடுவான். மறுபடி ங்ங்ங்ங். புதுக் கரி மொட்டையா தட்டையா இருக்கும், உருளை உருண்டையா இருக்கும். மெதுவா உரசி உரசித்தான் கரி அந்த வளைவுக்குப் படியும். புது தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவிப் பழக்குறோம்ல, அந்த மாதிரிதான். சாயந்திரத்துக்குள்ள சத்தம் ஒரே சீரா வந்துச்சு. அப்புறம்தான் கார்ல மாட்டினான்.

மறுநாள் ஆயுத பூஜை. கடையைக் கழுவி, ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர், சால்டரிங் கம்பி எல்லாத்தையும் அடுக்கி, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சான். காரையும் வெச்சான். மீசை போற விஷயமாச்சே, பக்தி பொங்கிட்டு வந்துச்சு. மூடியைத் திறந்து மோட்டருக்கே பொட்டு வைக்கணும்னு எடம் தேடினான். டப்பாவுல ரெண்டு ஓட்டை, ரெண்டு கண்ணு மாதிரி தெரிஞ்சுது. அது மேலயே சந்தனத்தைக் கெட்டியா அப்பி, நடுவுல குங்குமம் வெச்சு, கன்னத்துல போட்டுக்கிட்டான்.

அப்புறம் விஜயதசமி. களத்துல தெருவே கூடிடுச்சு. முக்குக்கடை நாவிதர் கோவிந்தன் கத்தி, சோப்புத் தண்ணியோட மொத வரிசையிலயே உக்காந்துட்டாரு.

மொத ஆட்டம். சர்ர்ர். மருதையன் கார்தான் முன்னாடி. அஞ்சு சுத்து, ஆறு சுத்து. அப்போ கமகமன்னு சந்தன வாசனை வந்துச்சு. மருதையன் சொன்னான், "பாத்தியா, சாமி துணைக்கு வந்துடுச்சு."

பரிமளம் மூக்கைச் சுளிச்சா. "சாமி இல்லைங்க, சந்தனம் கருகுது. காரை நிறுத்துங்க."

நிறுத்தினா ஆட்டம் போச்சு. நிறுத்தாட்டி மோட்டர் போச்சு, மோட்டர் போனா மீசை போச்சு. எட்டாவது சுத்துல நிறுத்திட்டான். மூடியைத் தூக்கி மோட்டரைத் தொட்டு எண்ணிப் பாத்தான். ஒன்னு... அவ்வளவுதான், விரலை வெக்க முடியல. பூமிநாதன் பத்து சுத்தையும் முடிச்சுட்டு சிரிச்சான். கோவிந்தன் கத்தியைத் தீட்ட ஆரம்பிச்சாரு.

யாரோ ஒரு செம்புத் தண்ணி கொண்டு வந்தாங்க, மோட்டர் மேல ஊத்தச் சொல்லி. பரிமளம் விடல. கார் மூடியை எடுத்துட்டு முந்தானையால விசிறினா. ஆறினதும் காரைக் கவுத்துப் போட்டு, காஞ்ச சந்தனம் உள்ள விழாம, ஈர்க்குச்சியால பொடிப்பொடியா வெளிய கெல்லி எடுத்தா. ஃபூன்னு ஊதினா. ரெண்டு ஓட்டையும் திறந்துச்சு. மருதையன் மறுபடி தொட்டான். ஒன்னு, ரெண்டு, மூணு. விரல் தாங்குச்சு.

"மூணு எண்ணுற வரைக்கும் விரல் தாங்கணும். தாங்கலைன்னா ஓட்டாதீங்க"ன்னா பரிமளம்.

அவங்க ஆற வெச்ச நேரத்துல பூமிநாதன் என்ன பண்ணான்? கூட்டத்துக்கு வேடிக்கை காட்டறேன்னு காரை வட்டம் வட்டமா சுத்தவிட்டுக்கிட்டே இருந்தான். ரெண்டாவது ஆட்டம் ஆரம்பிக்கறப்பவே அது சூடா இருந்துச்சு. சூடான மோட்டருக்கு இழுக்கற தெம்பு இருக்காது. கடைசி சுத்துல மருதையன் கார் ஒரு சாண் முன்னாடி வந்து ஜெயிச்சுது. கோவிந்தன் கத்தியைக் கீழ வெச்சாரு.

நடுவுல டீ வந்துச்சு. மருதையன் கார் நிழல்ல ஆறுச்சு. பூமிநாதனுக்கு ரோஷம். டீயைத் தொடாம, புதுப் பேட்டரியை மாட்டி, ஓட்டிப் பாத்துக்கிட்டே இருந்தான்.

மூணாவது ஆட்டம். புதுப் பேட்டரி வேகத்துல பூமிநாதன் கார் அரைச் சுத்து முன்னாடி போயிடுச்சு. மருதையன் விரல் ரிமோட் விசையை முழுசா அழுத்தத் துடிச்சுது. ஆனா அவன் விட்டு விட்டுப் பிடிச்சான். திருப்பத்துல விட்டான், நேர்ல பிடிச்சான். ஏழாவது சுத்துல காரைத் தன் காலடியில நிறுத்தியே நிறுத்திட்டான். கூட்டம் சிரிச்சுது. அவன் குனிஞ்சு மூடியைத் தூக்கி மோட்டரைத் தொட்டான். நீயும் எண்ணு.

ஒன்னு... ரெண்டு...

மூணு. தாங்குச்சு. மறுபடி விட்டான். அப்போ அந்தப் பக்கம் பூமிநாதன் கார் முக்குச்சு. ஒம்பதாவது சுத்துல புஸ்ஸுன்னு புகை. அவன் பதறிப்போய் பாட்டில் தண்ணியை எடுத்து ஊத்தினான். ஸ்ஸ்ஸ்னுச்சு. அதோட செத்துச்சு. மருதையன் கார் அதைச் சுத்திக்கிட்டு, அவசரப்படாம, மாட்டு வண்டி மாதிரி போயி பத்தாவது சுத்தை முடிச்சுது.

கோவிந்தன் எழுந்தாரு. பூமிநாதன் உக்காந்தான். எறும்பு வரிசை ரெண்டே இழுப்புல போச்சு. பத்து நாளும் அவன் கர்சீப்பை மூக்குல கட்டிக்கிட்டுத்தான் செல்போன் வித்தான், கேட்டா சளின்னான்.

வீட்டுக்கு வர்ற வழியில மருதையன் கேட்டான், "ஏன்டி, உனக்குத்தான் இந்த மீசையே பிடிக்காதே. காரை நிறுத்தச் சொல்லாம விட்டிருந்தா மோட்டர் கருகி, மீசையும் தானா போயிருக்கும்ல?"

பரிமளம் நின்னு அவனைப் பாத்தா. "என் புருஷன் மீசையை நான் சொல்லித்தான் எடுக்கணும். என் தம்பி சொல்லி எடுக்கறதுக்கு அவன் யாரு?"

அன்னிக்கு ராத்திரி மருதையன் ரசத்தைத் துடைச்சுத் துடைச்சுக் குடிச்சான்.

எங்க, உன் காலைக் காட்டு. காலையில இருந்து ஒரு நிமிஷம் நிக்காம ஓடின காலு. தொட்டுப் பாக்கறேன். ஒன்னு... ரெண்டு...

மூணு. கார் நின்னுச்சு, மோட்டர் ஆறுச்சு, கதையும் ஆறிப்போச்சு. கண்ணை மூடு.