மாவு மில்காரர் குடும்பம் டூர் போன விதம்

ஆவரங்காட்டு மாவு மில்காரர் குடும்பத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் தங்கமான மனுஷர்கள் என்றுதான் சொல்வார்கள். பொய் பேச மாட்டார்கள், வம்புக்குப் போக மாட்டார்கள். யார் என்ன சொன்னாலும் அப்படியே கேட்பார்கள். அவர்களிடம் இருக்கிற ஒரே கோளாறும் அதுதான்.

மூத்தவர் மாசிலாமணி. அவருக்குக் குப்பாண்டி, தவசி என்று இரண்டு தம்பிகள். தம்பிகள் இருவருக்கும் இன்னும் பெண் அமையவில்லை. கடைசியாகப் பெண் பார்க்கப் போன வீட்டில், "கூச்சப்படாதீங்க, உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பேரும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பாயை விரித்துப் படுத்துவிட்டார்கள். அந்த வீட்டிலிருந்து அப்புறம் தகவல் எதுவும் வரவில்லை.

குடும்பத்தைக் கட்டி மேய்ப்பது மாசிலாமணியின் சம்சாரம் செங்கமலம். மில்லில் மாவு அள்ளுவதும் அவள்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த மில் சத்தத்திலேயே தூங்கி, அந்தச் சத்தத்திலேயே எழுந்திருக்கிறாள். இந்தச் சித்திரையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பையும் கையுமாகக் கிளம்புவதைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை.

"இந்த லீவுல எங்கயாவது வெளியூர் கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா பொட்டியைக் கட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். போனா வர மாட்டேன்" என்றாள்.

மாசிலாமணி கையிலிருந்த சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் அவருக்கு ஒரு வாய் சோறு இறங்காது. தவசி அதற்குள் எழுந்துபோய், வீட்டிலிருந்த கயிற்றையெல்லாம் பரண்மேல் ஒளித்துவைத்துவிட்டு வந்தான். பெட்டியைக் கட்டினால்தானே அண்ணி போவாள் என்பது அவன் கணக்கு.

கடைத்தெருவில் சிட்டிபாபு என்று ஒருவன் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். பஸ் டிக்கெட்டும் போட்டுத் தருவான். மாசிலாமணி அவனிடம் போய், டூருக்கு நாலு டிக்கெட் கொடு என்றார். எந்த ஊருக்கு என்று அவன் கேட்டான். அதை நீதான் சொல்ல வேண்டும் என்றார் இவர்.

"நான் எப்படிண்ணே சொல்றது? வீட்டுல எல்லாரும் உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று அனுப்பிவைத்தான்.

அதில்தான் முதல் சிக்கல். தவசிக்கு அப்போது உட்காருகிற இடத்தில் ஒரு கட்டி. நாலைந்து நாளாக நின்றுகொண்டேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

தம்பி பாட்டுக்கு நின்றுகொண்டே பேசட்டுமே என்றாள் செங்கமலம். மாசிலாமணி தலையை ஆட்டினார்.

"எல்லாரும் உக்காந்துன்னு சொல்லியிருக்கான். ஒருத்தன் நின்னாலும் அது எல்லாரும் இல்ல."

"நான் வேணா குப்புறப் படுத்துக்கிட்டுப் பேசட்டுமாண்ணே?" என்று கேட்டான் தவசி.

குப்பாண்டி கொஞ்ச நேரம் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் யோசிக்கிறவன் அவன். "வேணாம்ணே. படுத்துக்கிட்டு எடுக்கிற முடிவு எந்திரிச்சா மாறிடும்" என்றான்.

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. கட்டி பழுத்து உடைகிறவரை காத்திருப்பது என்று ஆயிற்று. செங்கமலம் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் குழைத்துக் கொடுத்தாள். ஒருவழியாக அது உடைந்த அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

உட்கார்ந்தார்கள், பேசினார்கள். மாசிலாமணி மலை என்றார், குப்பாண்டி அருவி என்றான். செங்கமலத்துக்கு எதுவாக இருந்தாலும் சரிதான், மில் சத்தம் காதில் விழாத இடமாக இருந்தால் போதும். "மோட்டாரை நிறுத்திட்டா இங்கயே கேக்காதே அண்ணி" என்று தவசி எடுத்துச் சொன்னான். அவள் பார்த்த பார்வையில் அவனுக்கு மறுபடியும் உட்கார முடியாமல் போய்விட்டது.

முடிவு கிடைக்காமல் நாலு பேருமே சிட்டிபாபுவிடம் போனார்கள். அவன் கையில் வேலை குவிந்து கிடந்தது. லீவு நேரம், எங்கே பார்த்தாலும் ஜனம், கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்துப் போங்கள் என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னான்.

கடை வாசலிலேயே விவாதம் தொடங்கிவிட்டது. கூட்டம் இல்லாத இடத்துக்கு நாம் நாலு பேரும் போய் இறங்கினால் அங்கே கூட்டம் ஆகிவிடாதா என்று மாசிலாமணிக்குச் சந்தேகம்.

"ஆகாதுண்ணே. எலெக்ஷன் அன்னிக்கு அஞ்சு பேர் சேர்ந்து நின்னாத்தான் போலீஸ் வெரட்டும். நாலு பேர் கூட்டத்துல சேராது" என்றான் குப்பாண்டி.

"டிரைவர்?" என்றான் தவசி.

மூன்று பேரும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள், அஞ்சு வந்தது. அப்புறம் கண்டக்டர் ஒருவர் இருப்பதும் ஞாபகத்துக்கு வந்து, நிலைமை இன்னும் மோசமானது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் உள்ளே நுழைய முடியாமல் வெயிலில் நின்றார்கள். சிட்டிபாபு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டான்.

"அண்ணே, நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. அங்கேர்ந்து கால் போன போக்குல போங்க. என்னை விட்டுடுங்க."

நல்ல யோசனைதான். மறுநாள் காலையில் குளித்து, மில்லைப் பூட்டி, புளிச்சோறு கட்டிக்கொண்டு ஊர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார்கள். நின்ற பிறகுதான் யாருடைய கால் என்ற கேள்வி வந்தது.

கட்டின புருஷன் போகிற வழிதான் தன் வழி, அவர் பின்னால்தான் வருவேன் என்று செங்கமலம் சொல்லிவிட்டாள். மாசிலாமணிக்கு அந்தப் பொறுப்பு பயமாக இருந்தது. இந்தத் தடவை தப்பாகப் போய்விட்டால் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். கட்டி வந்து கஷ்டப்பட்டவன் தவசி, அவன் கால் போகிற பக்கம் போகலாம் என்றார். தவசிக்கு யோசிக்க வராது, அவன் எப்போதும் குப்பாண்டிக்குப் பின்னால்தான். குப்பாண்டியோ, அண்ணி தாய்க்குச் சமானம், அவளை முந்தி ஓர் அடி வைக்க மாட்டேன் என்று கண் கலங்கினான்.

நடக்கத் தொடங்கினார்கள். செங்கமலம் மாசிலாமணிக்குப் பின்னால், மாசிலாமணி தவசிக்குப் பின்னால், தவசி குப்பாண்டிக்குப் பின்னால், குப்பாண்டி அண்ணிக்குப் பின்னால். பஸ் ஸ்டாண்டு நடுவில் என்றைக்கும் எரியாத ஒரு விளக்குக் கம்பம் உண்டு. அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். வழி சமமாக இருக்கிறது, மேடு பள்ளம் இல்லை என்று மாசிலாமணிக்குச் சந்தோஷம்.

பஸ்ஸை விட்டு இறங்கிய ஓர் அம்மாள் இதைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, தானும் பின்னால் சுற்ற ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். பூக்காரி ஒருத்தி கூடையைக் கம்பத்தடிக்கு மாற்றினாள். யாரோ மஞ்சள் துணி கொண்டுவந்து கம்பத்துக்குச் சுற்றினார்கள்.

வெளியூர்க்காரர் ஒருவர் மாசிலாமணியோடு சேர்ந்து நடந்தபடியே, எதற்காகச் சுற்றுகிறீர்கள் என்று மெதுவாக விசாரித்தார்.

"எங்க போறதுன்னு தெரியலைங்க. அதான் சுத்தறோம்" என்றார் மாசிலாமணி.

அந்த மனுஷருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எனக்கும் அதே நிலைமைதாங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவரும் சுற்றினார்.

வெயில் தாழ்ந்தபோது ஜனம் தாங்கவில்லை. இடிபட்டு, நெரிபட்டு, மில்காரர் குடும்பம் வட்டத்துக்கு வெளியே வந்து விழுந்தது. செங்கமலம் முந்தானையை உதறிக்கொண்டு பக்கத்தில் நின்ற பெண்ணிடம் எந்த ஊர் என்று கேட்டாள். அரியலூர் என்றாள் அவள். லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு டூர் வந்தார்களாம்.

செங்கமலத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "என்னங்க, எல்லாரும் லீவுக்கு இங்கதான் வர்றாங்க. நாமளும் இங்கயே போயிடுவோம்" என்றாள்.

மாசிலாமணிக்கு உயிர் திரும்பி வந்தது. பெண்டாட்டி வாயால் ஓர் இடம் சொல்லிவிட்டாள். நாலு பேரும் கம்பத்தைப் பார்த்து நடந்தார்கள். ஆனால் அதற்குள் இளவட்டங்கள் சிலர் கயிறு கட்டி வரிசை போட்டிருந்தார்கள். எந்த ஊர் என்று ஒருவன் கேட்டான். இந்த ஊர்தான் என்றார் மாசிலாமணி.

"உள்ளூர் ஆளுங்க ஓரமா நில்லுங்க. வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்குத்தான் முதல்ல."

செங்கமலத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாராது வந்த டூர், கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றுவிட்டது. மாசிலாமணி அவளைப் பார்க்கவே பயந்து, குப்பாண்டியைப் பார்த்தார். குப்பாண்டி அண்ணாந்து வானத்தைப் பார்த்தான்.

"வெளியூர்லேர்ந்து வந்தா விடுவாங்களாம்ணே. அப்ப நாம வெளியூர்லேர்ந்து வருவோம்."

எதிரே கன்னியாகுமரி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஓடிப்போய் ஏறினார்கள்.

விடிகிற நேரத்தில் பஸ் கடற்கரை ஓரமாகப் போய் நின்றது. கண்டக்டர் எல்லோரையும் எழுப்பி, ஓடுங்கள், சூரியன் வருகிறது, போய்ப் பாருங்கள் என்றார். செங்கமலம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மோட்டார் சத்தம் இல்லை, மாவு வாசனை இல்லை. குளுகுளுவென்று காற்று முகத்தில் அடித்தது.

"என்னங்க, எவ்வளவு தண்ணி பாருங்களேன்" என்றாள்.

"தண்ணியைப் பார்த்துக்கிட்டு நிக்கிற நேரமா இது? திரும்புற பஸ் கிளம்புது. டூர் போகணும்ல" என்றார் மாசிலாமணி.

அவளுக்கும் சுருக்கென்றது. பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினாள். ஆவரங்காடு போகிற பஸ்ஸில் நல்லவேளையாக உட்கார இடம் கிடைத்தது.

சாயங்காலம் கயிற்றடியில் அதே பையன், எந்த ஊரிலிருந்து என்று கேட்டான். கன்னியாகுமரியிலிருந்து என்றார் மாசிலாமணி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அவ்வளவு தூரத்திலிருந்தா என்று பதறிப்போய், அவர்களை எல்லோருக்கும் முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினான். செங்கமலம் கம்பத்தை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மனசு நிறைந்துபோய் இன்னொரு சுற்றும் சுற்றினாள்.

அண்ணன் வீட்டுப் பேச்சு அதோடு போயிற்று. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் வந்து, டூர் எல்லாம் எப்படி என்று விசாரித்தாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா, நீங்களும் ஒரு தடவை போயிட்டு வாங்க" என்றாள் செங்கமலம். "என்ன ஒண்ணு, நம்ம பஸ் ஸ்டாண்டு இவ்வளவு தூரம்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியாது. வழியில கன்னியாகுமரி எல்லாம் வருது."