கடலைப் பார்த்து நின்ற குதிரை

வேதாசலத்துக்குக் குரு வாய்த்ததே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான். குருவுக்கு அவரைவிட வயது குறைவு. பெயர் குமுதவல்லி, ஓவியம் கற்றுத் தருகிறவர். இவர் அவரை "டீச்சர்" என்பார், அவர் இவரை "சார்" என்பார். பார்க்கிறவர்களுக்கு யார் யாரிடம் படிக்கிறார்கள் என்றே புரியாது.

வேலையில் இருந்தவரை வேதாசலம் பாலம் கட்டிக்கொண்டிருந்தார். பாலத்துக்குப் பாலம் கல்வெட்டு வைப்பார்கள். அதில் திறந்துவைத்தவர் பெயர் இருக்கும். கட்டியவர் பெயரை எவன் போடுகிறான்?

அந்தக் கடலோர ஊரில் கூத்துப் பள்ளிக்குக் கூரை போட வேண்டியிருந்தது. அதற்காகக் கலைச் சங்கத்தார் ஒரே அச்சில் வார்த்த வெள்ளை ஃபைபர் குதிரைகளை வரவழைத்து, ஓவியர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். வண்ணம் தீட்டிக் கடற்கரைச் சாலையில் நிறுத்துவது, ஊரே வந்து பார்த்த பிறகு ஏலம் விடுவது என்று ஏற்பாடு. குமுதவல்லிக்கு ஒன்று. வேதாசலத்துக்கும் ஒன்று! மனுஷனுக்குத் தரையில் கால் பாவவில்லை. குதிரையின் காலடியில் ஓவியர் பெயரைப் பலகையில் எழுதி வைப்பார்களாம்.

அந்தி நேரத்துக் கடலின் நீலத்தைக் குதிரை மேல் பூசினார். விலாவில் மீன்கள், பிடரியில் அலை நுரை. எல்லாம் சரியாக வந்தும் கண் மட்டும் பிடிபடவில்லை.

"விடியற்காலை வெளிச்சத்துலதான் டீச்சர் அந்தக் கண்ணு வரும்."

"அப்ப கடற்கரையில நிறுத்தினப்புறம் அங்கேயே போய் வரைஞ்சுக்குங்க சார்."

அங்கேதான் வந்தது வினை.

கடலும் வானமும் பனியில் கலந்து கிடந்த விடியல் அது. சாலையோரக் குதிரைகள் எல்லாம் கால் தரையில் படாமல் மிதப்பதுபோல் இருந்தன. வேதாசலம் தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தூரிகையும் கையுமாக வந்தார். கிழக்கே கடலைப் பார்த்து நின்ற குதிரைக்கு மெல்லக் கண்ணை எழுதினார். அந்த நேரம் பார்த்து மீனவர்கள் கரையேறினார்கள். விடிகிற வேளையில், கிழக்கு முகமாக, திருநீறு பூசிய பெரியவர் ஒருவர் கண் திறந்துவைத்தால் அது சாமி இல்லாமல் வேறென்ன? தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு அத்தனை பேரும் கும்பிட்டார்கள். இவர் வேலை மும்முரத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் கேட்க வேண்டுமா! முதலில் பூ வந்தது. பிறகு மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம், கற்பூரம். பெயர்ப் பலகை சந்தனத்துக்குள் போய்விட்டது. ஏலம் நடக்க வேண்டிய நாள் காலையில், சங்கத்துச் செயலாளர் பொன்னுரங்கம் வேதாசலத்தின் வீட்டுக்கே ஓடி வந்தார்.

"சாமியை எவன் சார் ஏலம் கேப்பான்? சாயங்காலத்துக்குள்ள கழுவித் தொடைச்சு விடுங்க. இல்லேன்னா உங்க குதிரையைச் சேர்த்துக்க முடியாது."

வேதாசலம் நேரே குருவிடம் போனார். குமுதவல்லி பின்கட்டில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என் பேரே போச்சு டீச்சர். இப்ப என்ன பண்றது?"

"வாளியில தண்ணி இருக்கு, கொடியில துணி தொங்குது. போய்த் தொடைச்சுட்டு வாங்க."

"ஜனங்க அடிக்க வந்தா?"

"ஓடி வந்துடுங்க."

கடற்கரைச் சாலையில் பனி இன்னும் விலகவில்லை. குதிரையின் முன்னால் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் நின்றிருந்தாள். குதிரையோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"ராவும் பகலும் கடலத்தானே பாத்துக்கினு நிக்கிற. கப்பல் வேலைக்குப் போன எம்புள்ள பேசி மாசக்கணக்காவுது. எங்கனா அவன் கண்ணுல பட்டான்னா, ஊடு இந்தப் பக்கம்னு காட்டி உடு. அது போதும் எனக்கு."

அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். வேதாசலம் வாளியோடு அப்படியே நின்றார். குதிரையின் கண்ணில் பனி படிந்திருந்தது. அது வெகு தூரத்தில் யாரையோ தேடுவதுபோல் அவருக்கே தோன்றியது. இப்படியா வரைந்தோம் என்று திகைத்துப்போனார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அபிசேகத் தண்ணியா ஐயா?"

"ஆ... ஆமாம்மா."

"இந்தச் சாமிய யாரு இங்க கொண்ணாந்து வெச்சது?"

பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு கை தண்ணீர் தெளித்தால் சந்தனம் கரைந்து பலகையே சொல்லிவிடும்.

"தெரியலியேம்மா."

"கடல்லேர்ந்து தானா ஏறி வந்துச்சுன்றாங்களே?"

"இருக்கும்மா" என்றார் வேதாசலம். குதிரையின் குளம்புகளில் மட்டும் படும்படி தண்ணீரை மெல்ல ஊற்றினார். அவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவர் திரும்பி வந்தபோதும் குமுதவல்லி தூரிகைகளோடுதான் இருந்தார்.

"தொடைச்சாச்சா சார்?"

"இல்ல டீச்சர்."

பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"பொய் சொல்லிட்டேன். ஏலமும் போச்சு. கூத்துப் பள்ளிக்கும் என்னால ஒரு பிரயோஜனம் இல்ல. வாழ்நாள்லயே ஒரு தடவைதான் என் பேரை எழுதி வெச்சாங்க, அதையும் நானே இல்லேன்னுட்டு வந்துட்டேன். நான் பைத்தியக்காரன்தானே டீச்சர்?"

குமுதவல்லி கையில் இருந்த தூரிகையை உதறினார்.

"எத்தனையோ வருஷமா வரையறேன் சார். நான் வரைஞ்சது முன்னாடி நின்னு இதுவரைக்கும் ஒருத்தரும் அழுததில்ல."