கழுத்தில் விழுந்த பள்ளம்

பெரம்பூரில் கிட்டார் செய்யும் ரெஜினாவிடம் ஒரு சீடர் இருந்தார். பெயர் முனிரத்தினம். வயதில் அவளைவிட மூத்தவர். பாதி வாழ்க்கை தையற்காரராக இருந்தவர். மிஷினை மருமகனுக்குத் தந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அவர் இழைத்த முதல் கிட்டார் கழுத்து மெலிந்து உடைந்துபோனது. இரண்டாவதும் கெட்டால் தையலுக்கே திரும்பிவிடுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தார்.

"இது பல வருஷம் காய்ஞ்ச கட்டை. இதுக்கு ஜோடி கிடையாது" என்று சொல்லித்தான் ரெஜினா இரண்டாவது கழுத்துக்கான கட்டையைக் கொடுத்தாள்.

காலையிலிருந்து அவர் அரத்தைப் போட்டு, கை பிடிக்கும் பக்கத்தை உருட்டிக்கொண்டிருந்தார். மதியம் ரெஜினா சாப்பிட்டுவிட்டு வந்தபோது அரம் தரையில் கிடந்தது. கழுத்தின்மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"மருமகன்கிட்ட. மிஷினைத் திருப்பிக் கேக்கணும்."

"யார் செத்தா? துணி போர்த்தி வச்சிருக்கீங்க."

"கழுத்துதான்."

அவள் துணியை எடுத்தாள். கழுத்து நன்றாகவே மெலிந்திருந்தது.

"இந்தப் பக்கம் ஒரு பள்ளம் விழுந்துடுச்சு டீச்சர். அதுக்குச் சமமா சுத்தியும் இறக்கினேன். போகல. இன்னும் இறக்கினேன். பள்ளமும் கூடவே இறங்குது. இதுக்கு மேல போனா வளையாம இருக்க உள்ள பதிச்ச இரும்புக் கம்பி வெளிய வந்துடும்."

"பள்ளம் எங்க?"

அவர் விரல் வைத்துக் காட்டினார். சாய்வாக, இருட்டாக ஒரு கோடு.

"கண்ணை மூடிக்கிட்டுக் காட்டுங்க."

அவர் கண்ணை மூடினார். உள்ளங்கை மேலே போயிற்று, கீழே வந்தது. மறுபடி போயிற்று.

"கழுத்தைத் திருப்பி வச்சிட்டீங்களா டீச்சர்?"

"நான் தொடவே இல்ல."

கட்டைவிரலால் தேடினார். நகத்தால் தேடினார். பிறகு கண்ணைத் திறந்தார். கோடு அங்கேயே இருந்தது.

"அப்ப இது என்ன?"

"மரத்தோட நிறம்."

"துணியில இப்படித் தெரிஞ்சா மடிப்பு டீச்சர்."

"அப்ப இஸ்திரி போட்டிருக்கலாமே."

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கழுத்து போச்சா?"

ரெஜினா தடிமன் பார்க்கும் அளவுக் கவ்வியை எடுத்தாள். தலைப்பக்கம் அளந்தாள். உடம்பை ஒட்டிய பக்கம் அளந்தாள். நடுவிலும் அளந்தாள். அவர் சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா போயிருக்கும். தப்பிச்சது. இனிமே அரம் வேண்டாம், உப்புத்தாள் போதும். சின்னக் கைக்காரங்களுக்கு நல்லாப் பிடிக்க வரும்."

"நிஜமாவா?"

"உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் எதுக்குக் கட்டையை அளக்கணும்?"

அவர் பெருமூச்சு விட்டார். போர்த்தியிருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதிலிருந்த மரத்தூள் மீசையெல்லாம் ஒட்டிக்கொண்டது. ரெஜினா சிரித்தாள். இந்தமுறை அவரும் சிரித்தார். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார்.

உப்புத்தாளை மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஆனா டீச்சர், என்னை மாதிரியே எல்லாரும் இதைப் பள்ளம்னுதானே நினைப்பாங்க? இதை எப்படி மறைக்கிறது?"

"வார்னிஷ் அடிச்சா இன்னும் நல்லாத் தெரியும், அண்ணே."