திங்கட்கிழமை இறங்குவதற்கு ஒரு பேச்சு

“மானம் போச்சுங்க. இரங்கல் கூட்டத்துல என் பேச்சைக் கிண்டல் பண்ணிட்டாங்க,” என்றபடியே பூங்கோதையின் வீட்டுக்குள் வந்தார் தெய்வசிகாமணி.

அவர் ஒரு சாயப்பட்டறை முதலாளிக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுப்பவர். பூங்கோதையும் ஒரு காலத்தில் அதே தொழிலில் கொடிகட்டிப் பறந்தவர்தான். இப்போது எழுதுவதில்லை, எழுதுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். சிகாமணியைவிட வயதில் ரொம்பச் சின்னவர். குருவுக்கு வயசு என்ன வேண்டிக்கிடக்கு என்று சிகாமணிதான் தேடி வந்து சேர்ந்துகொண்டார்.

“யாருங்ணா கிண்டல் பண்ணினது?”

“செத்தவன் சம்சாரம். ராசாத்தினு பேரு. முதலாளி படிக்கப் படிக்க, முன்வரிசையில உக்காந்துக்கிட்டு அவளும் கூடவே சொல்றா. அப்புறம் அவருக்கு முன்னாடியே சொல்றா. பக்கத்துல இருந்த பொம்பளைங்களும் சேந்துக்கிட்டாங்க.”

“எந்த வரி?”

“‘நம் பட்டறை என்னும் ஆலமரம் இன்று ஒரு விழுதை இழந்து நிற்கிறது.’ எவ்வளவு நல்ல வரிங்க அது.”

“அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

சிகாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“போன வருசம் ஒருத்தன் செத்தப்பவும் அதேதான் படிச்சோம். அதுக்கு முந்தியும் அதேதான். பேரை மட்டும் மாத்திக்குவோம். இந்தத் தொழில்ல எல்லாரும் அப்படித்தானுங்க. ஆயுத பூஜைக்கு ஒண்ணு, மே தினத்துக்கு ஒண்ணு, இரங்கலுக்கு ஒண்ணுனு கம்ப்யூட்டர்ல ரெடியா கிடக்கும். சாவு என்ன, சொல்லிட்டா வருது?”

சொல்லிவிட்டுத்தான் வந்தது. அந்தப் பட்டறையின் கழிவுத் தொட்டியில் இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி ஒவ்வொருவராகச் செத்தார்கள். ஒவ்வொரு தடவையும் மாலை வந்தது, பந்தல் வந்தது, மைக் வந்தது, வெட்கமே இல்லாமல் அந்த ஆலமரமும் வந்தது. தொட்டியைப் பார்க்க மட்டும் ஒருத்தரும் வரவில்லை.

“இப்ப எதுக்கு வந்தீங்க?” என்றார் பூங்கோதை.

“ஞாயித்துக்கிழமை முதலாளி திரும்பவும் பேசறாருங்க. தொட்டி அடைச்சுக்கிட்டு நிக்குது. சுத்தம் பண்ணாட்டி பட்டறை ஓடாது. ஒருத்தனும் இறங்க மாட்டேங்கறான். பேச்சைக் கேட்டுட்டு திங்கட்கிழமை இறங்கிரணும். இந்தத் தடவை பழசைத் தொடல, புத்தம் புதுசா எழுதியிருக்கேன். நீங்க ஒரு பார்வை பாத்தாப் போதும்.”

“யாரு இறங்கறது?”

“ராசாத்தியோட தம்பி குப்புராஜ். அவன் இறங்கிட்டா மத்தவங்க வாயே திறக்க மாட்டாங்க. அவனுக்குனே தனியா வெச்சிருக்கேன் பாருங்க, கடைசில.”

பூங்கோதை கடைசிப் பக்கத்தைப் படித்தார். ‘தம்பி குப்புராஜ், உன் மச்சான் விட்டுப்போன பணி உனக்காகக் காத்திருக்கிறது. இந்தத் தொட்டி உன் வீட்டுக் கிணறு. தயங்காமல் இறங்கு.’

“எப்படிங்க இருக்கு?”

“நல்லா இருக்குங்ணா. கேட்டான்னா இறங்கிருவான். அதான் வயிறு எரியுது,” என்றார் பூங்கோதை. “செருப்பை மாட்டுங்க. பட்டறைக்குப் போலாம்.”

வாட்ச்மேன் சிகாமணிக்கு சலாம் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார். தொட்டி பின்பக்கம் இருந்தது. மூடி விலகிக் கிடந்தது. இரும்பு ஏணி ஒன்று உள்ளே போய் இருட்டில் காணாமல் போனது. சிகாமணி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“படிங்க.”

“இங்கயா? முதலாளி ஆபீஸ் முன்னாடி, பந்தல்ல நின்னுல்லங்க படிப்பாரு.”

“அதனாலதான் ஒருத்தருக்கும் நாக்கு கூசல. இங்க நின்னு படிங்க.”

சிகாமணிக்கு நல்ல குரல். படித்தார். ‘தயங்காமல் இறங்கு’ என்று முடித்தார்.

“இறங்குங்க,” என்றார் பூங்கோதை.

“யாரு, நானா?”

“எழுதினது நீங்கதானே.”

“விளையாடறீங்களா? எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குதுங்க.”

“குப்புராஜுக்கும் இருக்குது. அதை எந்த வரியிலயும் காணோமே.”

சிகாமணிக்குக் கோபம் வந்துவிட்டது.

“நான் பேச்சு எழுதறவன். தொட்டியைப் பாக்கறது இன்ஜினியர் வேலை.”

“குப்புராஜை இறக்கறது இன்ஜினியர் இல்லீங்ணா. நீங்க.”

அவர் முகம் செத்துப்போனது. பிறகு ரோஷம் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டினார். ஏணியில் ஒரு கால் வைத்தார், இன்னொரு காலும் வைத்தார். பூங்கோதை குனிந்து அவர் சட்டைக் காலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கீழேயிருந்து சூடு மேலே ஏறியது. கண் எரிந்தது. அடுத்த படியைத் தேடிய கால் அந்தரத்திலேயே நின்றது.

“உள்ள காத்து இருக்குதானு யாரு பாத்தது?” என்றார். அது மேடைக் குரல் இல்லை.

பூங்கோதை காலரை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“இடுப்புல கட்டக் கயிறு எங்க? மயக்கம் போட்டா மேல இழுக்க யாரு நிப்பாங்க? மனுசனை எதுக்கு இதுக்குள்ள இறக்கணும், மெஷின் வெச்சு உறிஞ்சக் கூடாதா? இத்தனை பேர் செத்தாங்களே, இதை ஒருத்தன் கேக்கலயா இந்தப் பட்டறையில?”

பூங்கோதை அவரை மேலே இழுத்துவிட்டார். சிகாமணி தரையில் உட்கார்ந்து இருமினார். பூங்கோதை பேனாவை நீட்டினார்.

“எழுதிக்குங்க. ஞாயித்துக்கிழமைப் பேச்சு அதுதான்.”

“இதை எங்க முதலாளி படிப்பாருங்களா?”

“மாட்டாரு.”

“அப்புறம் யாரு படிக்கறது?”

“முதலாளிக்கு முன்னாடி மைக்ல யாரு பேசுவாங்க? வரவேற்புரை யாரோடது?”

“அது எப்பவும் நான்தானுங்க,” என்றார் சிகாமணி. சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சைப் படிக்கப்போவது யார் என்று அவருக்கு உறைத்தது.