ஏழில் ஒரு பங்கு

சடையாண்டி தன் தோணியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அது கரையோரம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அன்று காற்று பலம். தோணியை அடித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்று பதினெட்டுப் பாறாங்கற்களைச் சுமந்துவந்து அதற்குள் அடுக்கினான். காற்று அதைக் கொண்டுபோகவில்லை. அதில் அவனுக்குத் திருப்திதான். ஆனால் தோணியையே காணோம்.

வெள்ளிக்கிழமை காலை அவன் மகள் பூங்காவனத்துக்குக் கல்யாணம். ஏரிக்கு அக்கரையில், மாப்பிள்ளை ஊரில். இன்னும் மூன்றே நாள். கோரைத்துறையிலிருந்து அக்கரை போகத் தோணியை விட்டால் வேறு வழி கிடையாது.

ஊரில் மொத்தம் ஏழு வீடு, வீட்டுக்கு ஒரு தோணி. எல்லோரும் கூடினார்கள். போன மாதம் ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்து பேசியது பெரியவர் திருமேனிக்கு நன்றாக நினைவிருந்தது. ஒருத்தனுக்கு வந்த நஷ்டத்தை எல்லோருமாகப் பங்கு போட்டுக்கொள்வதுதான் இன்சூரன்ஸ் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். ஃபாரம் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறேன் என்றும் சொன்னார். பங்கு போட ஃபாரம் எதற்கு என்று ஊரார் அன்றைக்கே தீர்மானித்துவிட்டார்கள்.

உங்கள் தோணி ஒன்றில் எங்களை அக்கரையில் இறக்கிவிட்டால் போதுமே என்று சடையாண்டி தயங்கித் தயங்கிக் கேட்டான். திருமேனியின் முகம் சுருங்கிவிட்டது.

"பொண்ணு கல்யாணத்துக்கு இரவல் தோணியிலயா போவே? அப்புறம் ஊர்ல இன்சூரன்ஸ் எதுக்குடா இருக்கு?"

சடையாண்டி தலைகுனிந்தான்.

முழுகியது ஒரு தோணி. பங்கு ஏழு பேருக்கு. ஆகவே மற்ற ஆறு தோணிகளும் ஆளுக்கு ஏழில் ஒரு பங்கு முழுக வேண்டும் என்று திருமேனி கணக்குச் சொன்னார்.

"அதனால என் தோணிக்கு என்னண்ணே?"

"ஆறு பங்கை நாங்க எடுத்துட்டா உனக்கு மிச்சம் ஒரு பங்குதானே? அந்த ஒரு பங்கு தண்ணியில கிடக்கும். மீதி மேல வந்துதானே ஆகணும்?"

"எல்லாத் தோணியும் அப்படித்தானே மிதக்குது," என்றான் பக்கத்து வீட்டுக் கோட்டையன். அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை.

முதலில் திருமேனியின் தோணி. உட்புறம் ஏழில் ஒரு பங்கு உயரத்தில் சுண்ணாம்பால் கோடு கிழித்து, அடியில் துளைத்தார்கள். தண்ணீர் கோட்டுக்கு வந்ததும் திருமேனி "போதும்" என்றார். தண்ணீர் கேட்கவில்லை. தோணி போனபிறகு நெடுநேரம் விவாதித்தார்கள். வெள்ளைக் கோடு தண்ணீருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது என்று முடிவாயிற்று. அடுத்ததற்குத் தாரால் கோடு போட்டார்கள். மூன்றாவதில் கோட்டையனையே உள்ளே உட்காரவைத்தார்கள், தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் குரல் கொடுக்கச் சொல்லி. கொடுத்தான். கழுத்துக்கு வந்தபோதும் கொடுத்தான். பிறகு சத்தமில்லை. தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள்.

வியாழக்கிழமை மதியத்துக்குள் ஆறும் அடியில்.

சடையாண்டி இவ்வளவு நேரமும் தன் தோணி முழுகிய இடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு குமிழிகூட வரவில்லை. அவனுக்கு வெட்கமாகிவிட்டது. ஊரே இத்தனை செய்திருக்கிறது, அந்தத் தோணிக்குக் கொஞ்சமாவது நன்றி வேண்டாமா?

பூங்காவனம் கல்யாணப் புடவையோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏம்ப்பா, தாலியத் தண்ணிக்கு அடியிலேயே கட்டச் சொல்லிடலாமா?"

மறுநாள் விடிந்தும் பெண்ணைக் காணோமே என்று மாப்பிள்ளை வீட்டார் பதினொரு பேர் தங்கள் பெரிய தோணியில் தாங்களே வந்து இறங்கினார்கள். ஃபாரக் கட்டோடு ஏஜெண்டும் கூடவே தொற்றிக்கொண்டு வந்தார். முகூர்த்தம் தவறாமல் இக்கரையிலேயே தாலி ஏறியது. சடையாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போது ஏஜெண்ட் ஃபாரத்தைப் பிரித்து, தோணிகளைக் காட்டுங்கள் என்றார். ஊரார் ஏரியைக் காட்டினார்கள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, பிரித்த ஃபாரத்தை மறுபடி மடித்துக் கட்டுக்குள் செருகினார்.

"ஏழே பேரை வச்சு இன்சூரன்ஸ் நடத்த முடியாதுங்க," என்றார் கடைசியில். "ஆள் கூடினாத்தான் ஒருத்தர் பங்கு குறையும்."

திருமேனி தொடையில் தட்டிக்கொண்டார். தவறு எங்கே என்று அவருக்கு இப்போது புரிந்தது. மெல்லத் திரும்பிப் பந்தியில் இருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை இப்ப நம்ம ஊர் ஆளுதானே?"

மாப்பிள்ளை பாயசம் குடித்துக் கை கழுவி வருவதற்குள், அவர் தோணியில் எட்டில் ஒரு பங்குக்குக் கோடு போட்டு, அடியிலும் துளைத்து முடித்திருந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் பதினொரு பேரும் ஏஜெண்டும் இன்னும் கோரைத்துறையில்தான் இருக்கிறார்கள்.