அம்மை சொன்ன ஓகே

இதை எனக்கு முதலில் சொன்னது என் இரண்டாவது மகளின் மாமியார், கோமதி சம்பந்தி. போன கார்த்திகையில் ஒரு சோமவாரம். சிவன் கோயிலில் அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குத் திரை போட்டிருந்தார்கள். திரை விலகுகிற வரைக்கும் என்று ஆரம்பித்தார். தீபாராதனை காட்டும்போதுகூட எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. சுவாமி மன்னிக்கட்டும்.

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அதன் குருவை எல்லாரும் அம்மை என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மைக்கு நாற்பது வயசுதான். சிஷ்யர் திருவேங்கடத்துக்கு அறுபதை நெருங்குகிறது. பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, மனசு அடங்கணும் என்று வந்து சேர்ந்தவர்.

அன்றைக்கு மத்தியானம் அவர் அம்மையிடம் போய் நின்றார்.

“அம்மை, காவல் எழுந்திருக்க மாட்டேங்குது.”

காவல் என்று அவர் சொன்னது ஃபயர்வாலை. கண்டது கடியது எல்லாம் வெளியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழையாமல் வாசலில் நின்று தடுக்குமாம். காலையில் அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தார். போட்டதிலிருந்து அது ஓடவில்லை.

ஆசிரமத்துக்கு இலவச வைத்தியத்துக்கு வருகிறவர்களின் விவரமெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. காவல் ஓடாமல் நெட்டைத் திறக்கக் கூடாது என்பது அம்மையே போட்ட கட்டுப்பாடு.

வேறு நாளாக இருந்தால் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கு, நம்ம நேரம் நாலு மணிக்கு, மஸ்கட்டில் பொன்னுத்தாயின் பேத்திக்குப் பேர் வைக்கிறார்கள்.

பொன்னுத்தாய் ஆசிரமத்தில் சமையல் செய்கிறவள். பிள்ளையை முதல் தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவது என் அம்மாவாகத்தான் இருக்கணும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். அந்த மலைப் பள்ளத்தில் செல்போனுக்கு டவர் கிடைக்காது. கம்ப்யூட்டரை விட்டால் வேறு வழி இல்லை.

அம்மை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

திருவேங்கடம் காவலைத் தொடங்கிப் பார்த்தார். ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதில் இங்கிலீஷில் இரண்டு வரி. அடியில் ‘ஓகே’ என்று ஒரு பொத்தான். அவர் ஓகேயை அழுத்தினார். பெட்டி போய்விட்டது.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடி பெட்டி. மறுபடி ஓகே.

அம்மை அவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

பொன்னுத்தாய் புதுச் சேலையும் பூவுமாக வாசற்படியில் வந்து நின்றாள். “ஐயா, உங்க…” என்று ஆரம்பித்தாள்.

ஆகிவிடும், போய்ப் பாயசத்தைக் கவனி என்றார் திருவேங்கடம், திரும்பிப் பார்க்காமலே.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் வந்தாள். நான் சொல்ல வந்தது அது இல்லை என்றாள். தெரியும் தெரியும் என்றார் இவர்.

“படிச்சவங்களுக்குக் காது கண்ணாடி மாட்டத்தான் போல,” என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் அடுப்படிக்குப் போனாள்.

மணி மூன்றடித்துவிட்டது. திருவேங்கடம் ஓடிப்போய் அம்மையின் அறைக் கதவைத் தட்டினார். கதவு திறந்தது.

“அம்மை, திரும்பவும் எடுத்துட்டுப் போட்டேன். ஆனா…”

“ஓகே,” என்றார் அம்மை.

கதவு மூடிக்கொண்டது.

திருவேங்கடம் விழித்தார். அம்மை வாயிலிருந்து ஓர் இங்கிலீஷ் வார்த்தையை அவர் கேட்டதே இல்லை.

மறுபடி தட்டினார்.

“அம்மை, பிசகு எங்கேன்னா…”

“ஓகே.”

கதவு.

அடுத்த தடவை திருவேங்கடம் கதவைக் கையால் பிடித்துக்கொண்டார். மனசை அடக்க வந்தவருக்குக் குரல் ஏறிவிட்டது.

“நான் என்ன சொல்ல வர்றேன்னே கேக்காம, ஓகேன்னு மூடினா எப்படி அம்மை? முழுசாக் கேட்டாத்தானே என்ன குறைன்னு தெரியும்?”

அம்மை சிரித்தார்.

“அதுவும் காலையிலேருந்து அதைத்தாங்கய்யா கேட்டுக்கிட்டிருக்கு.”

“எது?”

கதவு மூடிக்கொண்டது. இந்தத் தடவை மெதுவாக.

திருவேங்கடம் அங்கேயே நின்றார். பிறகு நடந்தார். பிறகு ஓடினார்.

காவலைத் தொடங்கினார். பெட்டி வந்தது. கை தானாகப் போய்விடப் போகிறதே என்று வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

வாசித்தார்.

இந்தக் காவல் எழுந்திருக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் இன்னொன்று எழுந்திருக்க வேண்டும், அதை யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று இருந்தது. அந்த இன்னொன்றின் பேரும் போட்டிருந்தது.

அந்தப் பேர் அவருக்குத் தெரியும். காலையில், மெஷின் மெதுவாக ஓடுகிறது, இது எதற்குத் தண்டமாக என்று நிறுத்தி வைத்தவரே அவர்தான்.

அதை எழுப்பினார். காவல் தானாக எழுந்து நின்றது. பெட்டி வரவில்லை.

நாலு மணிக்கு மஸ்கட் வந்தது. மகள், மருமகன், அக்கம்பக்கத்தார், நடுவில் துணிக்குள் ஒரு பிடி பிள்ளை. பொன்னுத்தாய் கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், “யாழினி,” என்றாள். இன்னொரு தடவையும் சொன்னாள். பிள்ளை கொட்டாவி விட்டது.

பொன்னுத்தாய்க்குப் பின்னால் திருவேங்கடம் கையைக் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றார். மஸ்கட்டில் எல்லாரும் அவரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். சந்தோஷம் அவர்களுக்கு என்று இவரும் சிரித்தார்.

எல்லாம் முடிந்து, பொன்னுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். திருவேங்கடம் அவளை நிறுத்தினார்.

“பொன்னுத்தாயி, மத்தியானத்திலேருந்து எங்கிட்ட ஏதோ சொல்ல வந்தியே. என்னம்மா அது?”

“இனிமே சொல்லி என்னங்கய்யா,” என்றாள் அவள். “ஜிப்பாவை உள்வெளியாப் போட்டிருக்கீங்க. ரெண்டு பையும் யானைக் காதாட்டம் வெளியே தொங்குது. மஸ்கட்டே பாத்துடுச்சு.”

அவ்வளவுதான் கதை. அப்போது சந்நிதியில் திரையும் விலகிவிட்டது.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு உங்கள் அம்மா போன் பண்ணினால், அவள் வைக்கிற வரைக்கும் நீங்கள் வைத்துவிடாதீர்கள்.