இரண்டு குண்டச்சுகள்

பாளையங்கள் இருந்த காலம். மலையடிவாரத்து ஊற்றங்கரையில் சட்டிச்சாமி என்றொருவர் இருந்தார். வெயிலோ பனியோ, அவருடைய வலது தோளிலிருந்து ஒரு காவித் துணி முழங்கால்வரை தொங்கும். சாப்பிடுவது இடது கையால். ஏதோ விரதம் என்று ஊர் பேசிக்கொண்டது. சீடன் பேச்சிமுத்துவும் அப்படித்தான் நம்பினான்.

பேச்சிமுத்து நாற்பதைத் தாண்டிய கொல்லன். காட்டுப்பன்றியைச் சுட வீட்டிலேயே ஈயக் குண்டு வார்ப்பவர்களுக்கு அச்சுக் குடைந்து கொடுப்பான். அந்த வட்டாரத்தில் அவனைவிட்டால் அந்த வேலைக்கு ஆளில்லை.

அன்று சாமியிடம் வந்த பேச்சிமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. மூட்டையை அவிழ்த்து இரண்டு அச்சுகளைச் சாமியின் முன் வைத்தான்.

“யாருது?”

“இது எங்க பாளையத்துது சாமி. எம்மகன் அந்தப் படையிலதான் இருக்கான். அது மேக்குப் பாளையத்துது. எம்மக அழுதுக்கிட்டே கொண்டாந்தா. மருமகன் அங்க துப்பாக்கிக்காரன்.”

இரு பாளையங்களுக்கும் ஒரு குளத்துத் தண்ணீரில் தகராறு. இரண்டுமே புதுத் துப்பாக்கி வாங்கியிருந்தன. அதன் குழல் அகலம். பழைய அச்சில் வார்த்த குண்டு அதற்குள் கடகடவென்று ஆடும், பாதி வழியில் விழும். அச்சைக் குடைந்து பெரிதாக்கித் தா என்று இரண்டு பக்கமும் அவன் கழுத்தில் துண்டைப் போட்டிருந்தார்கள்.

“எதைக் குடையட்டும் சாமி?”

“முதல்ல ஒரு குண்டு வாரு.”

பேச்சிமுத்து அடுப்பை மூட்டி, மூட்டையிலிருந்த ஈயத்தை ஒரு சட்டியில் உருக்கினான்.

“அச்சை விளக்குப் புகையில காட்டிட்டு ஊத்து. இல்லேன்னா ஒட்டிக்கிடும்.”

இது சாமிக்கு எப்படித் தெரியும் என்று அவன் ஒரு கணம் திகைத்தான். புகை காட்டி வார்த்தான். முதல் குண்டு சுருக்கம் விழுந்து வந்தது. யோசிக்காமல் அதை ஈயச் சட்டிக்குள் திரும்பப் போட்டான்.

“ஏன் போட்டுட்டே?”

“அச்சு இன்னும் சூடேறல சாமி. குண்டு கெட்டா மறுபடி உருக்கிக்கிடலாம்.”

“அச்சைப் பெருசாக்கின பெறவு, வேண்டாம்னா சிறுசாக்கிக்கிடலாமா?”

“முடியாது சாமி. குடைஞ்சது குடைஞ்சதுதான்.”

சாமி தலையாட்டினார். “சரி. மகனோட அச்சைக் குடைஞ்சா?”

“மக தாலி அறுத்துருவா.”

“மருமகனோடதை?”

பேச்சிமுத்து மகன் பாளையத்து அச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மகன் சாவான் என்று பெற்றவனுக்கு எப்படிச் சொல்ல வரும்?

“ரெண்டையும் குடையாம விட்டா?”

“இந்த மாசம் போச்சுன்னா மழை வந்துரும். குளம் ரொம்பிரும். பெறவு எதுக்குச் சண்டை?” அவன் தன் வலது கையை முன்னால் நீட்டினான். “ஆனா படைக்கு வேலை செய்ய மாட்டேன்னு சொன்ன கொல்லனை என்ன செய்வாகன்னு தெரியும்லா சாமி? வலது கையை எடுத்துருவாக. இந்தக் கைதான் நான். இது போனா எனக்கு என்ன மிச்சம்?”

உச்சிப்பொழுது ஆகியிருந்தது. சாமி சோற்றுச் சட்டியை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, இதுவரை யார் முன்னாலும் செய்திராதபடி, வலது தோளிலிருந்த காவித் துணியை எடுத்து மடித்துக் கீழே வைத்தார்.

கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. தழும்பு ஆறி வெகுகாலமாகியிருந்தது. அதற்கு மேலே, முழங்கைவரை, ஈயம் தெறித்த பொட்டுப் பொட்டான வடுக்கள். பேச்சிமுத்துவின் கையிலும் அதே வடுக்கள் இருந்தன.

சாமி இடது கையால் ஒரு கவளம் உருட்டி அவனிடம் நீட்டினார்.

“தின்னு பாரு. சோறு சோறாத்தான் இருக்கு.”